கடனையும் கடலையும் கேட்ட உளவளத்துணை

இடத்தின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப்போகிறேன். திருகோணமலை டவுனில் குடும்பத்தோடு வரச்சொல்லி இலவசமாக உளவளத்துணை (கவுன்சிலிங்) தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அக்கா வீட்டாரைக் கூட்டிப்போனேன். அத்தானுக்குத் திருக்கடலூரில் மீன்பிடி. வீட்டில் எந்நேரமும் சண்டை, மருமகன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்.

"பொறுத்துப் போங்கோ, விட்டுக்கொடுங்கோ" என்ற வழக்கமான பிரசங்கம் இல்லை, அதுவே பெரிய நிம்மதி. உளவளத்துணை தந்த மிஸ் ஒரு தாளின் நடுவில் வீட்டை வட்டமாகப் போட்டு, சுற்றிவரப் பள்ளிக்கூடம், கோயில், மாமி வீடு, கிழமைக்குக் கிழமை லோன் காசு வாங்க வருகிறவர், கடல் என்று எழுதி, எதனோடு ஒட்டு, எதனோடு இழுபறி என்று கேட்டுக் கேட்டுக் கோடு இழுத்தார். மருமகன் பென்சிலை வாங்கி லோன்காரருக்குத்தான் ஆகத் தடித்த கோடு போட்டான். வாடைக் காலத்தில் கடல் அடித்தால் தொழில் இல்லை, லோன் கட்டுக்காசு மட்டும் நிற்காது, சண்டை முற்றுவதும் அப்போதுதான். லோன்காரர் வரும் நாளில் பார்த்து இவனுக்கு வயிற்றுவலி வருவது ஏன் என்று எங்களுக்கு அன்றுதான் பிடிபட்டது: அம்மாவைத் தனியே விட்டுப்போகப் பயம்.

அப்புறம் அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில் இருந்த பிள்ளையை எழுப்பி ஓரத்தில் இருத்திவிட்டு, இனி நேரே பார்த்துக் கதையுங்கள் என்றார். இப்படி இடம் மாற்றி இருத்துவது குடும்ப உளவளத்துணையில் பேர்போன சல்வடோர் மினூச்சினின் வழி; 1960களில் நியூயோர்க்கில் வறிய வீட்டுப் பையன்களைத் தனியே பார்த்துச் சரிவராமல் வீட்டாரையே வரவழைத்து வேலை செய்தவர். எனக்கென்னவோ நாடகம் மாதிரித்தான் இருந்தது, ஆனால் அத்தான் முழுக் கடன் தொகையையும் வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். அரசாங்க உதவிக் காசான அஸ்வெசுமவுக்குப் போட்ட விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பிரதேச செயலகத்தில் விசாரித்ததும் அந்த மிஸ்தான்.

சரி, குறைகள். வார நாளில் காலையில் மட்டும் நேரம் தருகிறார்கள், நாளாந்தம் உழைக்கிறவனுக்கு அது ஒரு நாள் சம்பளம். உள்ளே கதைப்பது பலகைத் தடுப்புக்கு வெளியே காத்திருக்கும் சனத்துக்கு அப்படியே கேட்கிறது, இந்தச் சின்ன ஊரில் அது போதும். அடுத்த தடவை வேறு ஆள் இருந்து முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்லவைத்தார், அத்தான் பாதியில் எழும்பப் பார்த்தார்.

போகிறவர்கள் பழைய ஆளையே கேட்டு நேரம் எடுங்கள். அடி உதை உள்ள வீடென்றால் இருவரையும் ஒன்றாக இருத்தவேண்டாம், முதலில் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அவசரமென்றால் பெண்களுக்கு 1938 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.