வாட்ச் நார்மல் என்றது, மனைவி கிளம்புங்க என்றாள்

ஈசிஜி எடுக்கும் ஸ்மார்ட் வாட்ச், மகள் வாங்கிக் கொடுத்தது. எட்டு மாதமாகக் கட்டியிருக்கிறேன். நடையை எண்ணுகிறது, தூக்கத்தை அளக்கிறது, சார்ஜ் இரண்டு நாள் நிற்கிறது. அதிலெல்லாம் குறையில்லை. நான் எழுத வந்தது அந்த ஈசிஜியைப் பற்றி.

போன மாதம் ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு நெஞ்சின் இடப்பக்கம் வலித்து விழித்துக்கொண்டேன். எழுந்து உட்கார்ந்து, வாட்சின் பொத்தானில் விரலை வைத்து 30 விநாடி அசையாமல் இருந்தேன். கோடு துள்ளித் துள்ளி ஓடி, 'சைனஸ் ரிதம்', அதாவது துடிப்பு சீர் என்று வந்தது. அப்பாடா என்று படுக்கப் போனேன். மனைவி விளக்கைப் போட்டாள்.

"இப்படி வேர்க்குது, கிளம்புங்க."

"வாட்ச் நார்மல்னு சொல்லுதே."

"வாட்ச் என்ன, டாக்டருக்குப் படிச்சிருக்கா?"

கார் சாவியை எடுத்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் போன உடனேயே மார்பிலும் கைகால்களிலுமாகப் பத்து இடத்தில் ஒட்டி 12 லீட் ஈசிஜி எடுத்தார்கள். வாட்ச் இதயத்தை ஒரே கோணத்தில் பார்க்கிறது. இது பன்னிரண்டு கோணத்தில். அதிலும் எனக்கு நார்மல்தான். ஆனாலும் விடவில்லை. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் டிரோபோனின் என்னும் புரதம் ஏறும், அது தெரிய நேரமாகும் என்று மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்தார்கள்.

காத்திருந்த நேரத்தில்தான் வாட்சின் குறிப்பேட்டை முதல்முறையாகப் படித்தேன். மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று அதிலேயே போட்டிருக்கிறது! அது தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்பை. நுரையீரலில் ரத்தக்கட்டி, மகாதமனிக் கிழிசல் இதெல்லாம்கூட நெஞ்சுவலியாக வருமாம். அவையும் அதற்குத் தெரியாது.

இரண்டாவது ரிசல்ட்டும் சரியாக வந்த பிறகு டாக்டர் மார்பெலும்பின் ஓரத்தை விரலால் அழுத்தினார். அலறிவிட்டேன். விலா எலும்பு சேரும் குருத்தெலும்பில் வீக்கம். இரண்டு நாள் முன்பு புத்தக அலமாரியைத் தனியாக நகர்த்தியவன் நான். வேர்த்தது பயத்தில்.

அழுத்தினால் வலிக்கிறது, ஆகவே இதயம் இல்லை என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது என்றும் சொன்னார். பாரம் வைத்த மாதிரி இறுக்கம், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் என்று வந்து சில நிமிடத்தில் அடங்காவிட்டால் உடனே ஆம்புலன்ஸ்தான். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுவாங்கலும் அசதியுமாகவும் வரலாம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது வாருக்கு, மணிக்கட்டில் அரிப்பு. இன்னொன்று, அந்த எச்சரிக்கையை ரிசல்ட் வரும் திரையிலேயே பெரிதாகப் போடாததற்கு. அலமாரி இன்னும் கூடத்து நடுவிலேயே நிற்கிறது.