முறுக்குச் சுட கடலெண்ணெயா, தேங்காயெண்ணெயா?

நோம்பி நெருங்கினால் எங்கூரில் இதே பேச்சுத்தான். காங்கயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருப்பவர்கள் தேங்காயெண்ணெய் என்பார்கள். மானாவாரியில் கடலைக்காய் போட்டவர்கள் விடமாட்டார்கள்.

செலவு: 2025இல் கொப்பரை விலை ஏறியபோது கடலெண்ணெய்தான் கைக்கு அடக்கமாக இருந்தது.

இருப்பு: தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 90 சதவீதம், லேசில் சிக்கு வாடை பிடிக்காது. கடலெண்ணெயில் அது 20 சதவீதம் வாக்கில்தான்.

சூடு: வடிகட்டிச் சுத்திகரிக்காத தேங்காயெண்ணெய் 175 டிகிரி வாக்கில் புகையத் தொடங்கும். முறுக்கு வேகும் சூடும் ஏறக்குறைய அதேதான், அடுப்பை விட்டு நகர முடியாது. ரீஃபைண்டு கடலெண்ணெய் 230 வரை தாங்கும். செக்கெண்ணெய்க்கு அந்தத் தெம்பு இல்லை. மிச்சம் பிடிக்க இரண்டையும் கலந்துவிடாதீர்கள். நுரை பொங்கி அடுப்பே நனைந்துபோனது எனக்கு.

வாசம்: தட்டுவடைக்குக் கடலெண்ணெய், நேந்திரங்காய் சிப்ஸுக்குத் தேங்காயெண்ணெய். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

சீர்ப் பலகாரம் கூடை கூடையாகச் சுடுவதற்குக் கடலெண்ணெய். விடுதிப் பிள்ளைக்கு டப்பாவில் கொடுத்தனுப்பத் தேங்காயெண்ணெய்; மார்கழியில் மட்டும் வேண்டாம், 24 டிகிரிக்குக் கீழே உறைந்து முறுக்கின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும்.