புதுக் கடல்நீர்த் தொட்டிக்கு எந்தப் பவளம்? சாஃப்ட், எல்பிஎஸ், எஸ்பிஎஸ்

தொட்டி வைத்த புதிதில் கடைக்குப் போய், "சாகாத பவளமா ஒண்ணு குடுங்க" என்று கேட்டேன். கைக்கு வந்தது பச்சை நட்சத்திரப் பாலிப் என்ற பவளம், தீப்பெட்டி அளவில். எட்டு மாதத்தில் நடுப்பாறை முழுவதையும் போர்த்திக்கொண்டு பின்கண்ணாடியில் ஏறத் தொடங்கியது. சுரண்டினாலும் அதன் ஊதாத் தோல் நகக்கண் அளவு கல்லில் ஒட்டியிருக்கும். மறுபடி கிளம்ப அது போதும். சாகாதது என்றால் போகாதது என்றும் பொருள் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை.

சிங்கப்பூரில் என் வீட்டில் ஓடுவது மூன்றடித் தொட்டி, சுமார் 150 லிட்டர் தண்ணீர். மூன்று வகையையும் அதில் வளர்த்துப் பார்த்துவிட்டேன். சாஃப்ட் என்றால் காளான் பவளம், லெதர், சோவான்திட் போல எலும்புக்கூடு கட்டாதவை. எல்பிஎஸ் (லார்ஜ் பாலிப் ஸ்டோனி) என்றால் சுண்ணாம்புக் கூட்டின் மேல் பெரிய சதைப் பாலிப்கள், அதாவது பவளத்தின் பூப்போன்ற தனித்தனி உயிர்கள்: ஹாமர், டார்ச், டங்கன், கேண்டி கேன். எஸ்பிஎஸ் (ஸ்மால் பாலிப் ஸ்டோனி) என்றால் அதே சுண்ணாம்புக் கூட்டில் ஊசிமுனைப் பாலிப்கள்: அக்ரோபோரா, மான்டிபோரா, பறவைக்கூடு.

மூன்றுக்கும் உப்பளவு ஒன்றே, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு). வெப்பம் 25, 26 டிகிரி. வேறுபடுவது ஆல்கலினிட்டியில், அதாவது கூடு கட்டப் பவளம் எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டின் அளவில். சாஃப்ட் வகை அதை அநேகமாகத் தொடுவதே இல்லை. வாரம் பத்துப் பதினைந்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் கணக்கு முடிந்தது. எல்பிஎஸ் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். அக்ரோபோரா மண்டிய தொட்டியோ ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) மேல் குடித்துவிடும். குறைவதைத் தானாக ஊற்றி ஈடுகட்டும் டோசிங் பம்ப் இல்லாமல் இரண்டு நாள் ஊருக்குப் போக முடியாது.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இதில் உண்டு, நானும் சறுக்கினேன். தினமும் கால்சியம் பார்த்து, "420-லேயே நிக்குது" என்று நிம்மதியாக இருந்தேன். ஆல்கலினிட்டி 1 டிகேஎச் இறங்கும்போது கால்சியம் இறங்குவது ஏறத்தாழ 7 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 7 பங்கு). 420-ல் 7 என்பது வீட்டில் சோதிக்கும் கிட்டின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். 8.5-ல் 1 இறங்குவதோ பெரிய சரிவு. எனவே ஆல்கலினிட்டியை அடிக்கடி பாருங்கள். கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் வாரம் ஒருமுறை போதும். எண் எட்டா ஒன்பதா என்பதைவிட, அது நாளுக்கு நாள் ஆடாமல் நிற்பதுதான் எஸ்பிஎஸ்ஸுக்கு முக்கியம். புதுத் தொட்டியால் தர முடியாததும் அந்த நிலைத்தன்மைதான்.

இன்னொரு சறுக்கல்: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியமாக இருந்தால் தண்ணீர் சுத்தம் என்ற நினைப்பு. பவளத்துக்கும் அதனுள் வாழும் நுண்பாசிக்கும் அவை கொஞ்சம் வேண்டும். இரண்டையும் சுழியாக்கிய மாதம், குமிழி வைத்த பழுப்புச் சளியாக டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) வந்து மணல் முழுக்கப் படர்ந்தது. இப்போது நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தச் சளிக் காலத்திலும் காளான் பவளம் சுருங்கி விரிந்து பிழைத்துக்கொண்டது. பறவைக்கூடு ஒரே வாரத்தில் அடியிலிருந்து வெளுத்துப் போனது.

வெளிச்சம், நீரோட்டம் இரண்டிலும் அதே வரிசைதான்: சாஃப்ட்டுக்குக் குறைவு, எல்பிஎஸ்ஸுக்கு நடுத்தரம், எஸ்பிஎஸ்ஸுக்கு அதிகம். ஹாமரின் முகத்துக்கு நேரே வேவ்மேக்கரை (நீரோட்டம் தரும் பம்ப்) திருப்பாதீர்கள், சதை கூட்டின் விளிம்பில் கிழியும்.

சண்டைக் குணத்தில் மட்டும் வரிசை மாறும். டார்ச்சும் ஹாமரும் பகலில் சாதுவாக ஆடும். இரவில் நீளமான கொட்டும் இழைகளை நீட்டி அக்கம்பக்கத்தைச் சுடும். சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். லெதர் சுடாது, ஆனால் தண்ணீரில் வேதிப்பொருள் கசியவிட்டு மற்றவற்றை வாட்டும். அதை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் போட்டுவைப்பது நல்லது. லெதர் அவ்வப்போது மூடிக்கொண்டு மெழுகு போன்ற தோலை உரிக்கும். ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகலாம். செத்துவிட்டதென்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

சோவான்திட் அழகு, மலிவு, வேகமாகப் பெருகும். ஆனால் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அது ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது. ஆவியே ஆளை மருத்துவமனையில் படுக்க வைக்கும். சிறு பிள்ளைகள் தொட்டிக்குள் கையை விடும் வீடென்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

சிங்கப்பூர் வெப்பத்துக்கு, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் செலவைத் தனியாக எடுத்துவையுங்கள். மின்விசிறி இரண்டு டிகிரி குறைக்கும், ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பேறும். ஈடுகட்ட ஊற்றுவது ஆர்ஓ நன்னீராக இருக்கட்டும், உப்புநீராக வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே வேறு மாதிரி முடியும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடினப் பவளங்கள் எல்லாமும், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001 முதல் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. எல்பிஎஸ், எஸ்பிஎஸ் இரண்டு கதவும் அங்கே சாத்தியாயிற்று. மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கிய செத்த பவளக்கல்லையும் பொறுக்கி வரக் கூடாது. அங்கே காளான் பவளமும் லெதரும்தான் பேச்சு. அதையும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

இங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்கினால்? நைட்ரஜன் சுழற்சி முடிந்து (கழிவு அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா நிலைபெற்று), புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் பாசிப் படலமும் அடங்கியபின், ஒரு லெதரும் இரண்டு காளானும். படரும் எதையும் நடுப்பாறையில் ஒட்டமாட்டேன். மணலில் தனியே நிற்கும் கல்லில் வைப்பேன், தேவைப்பட்டால் கல்லோடு வெளியே எடுத்துவிடலாம். ஆறாம் மாதம் ஒரு டங்கன், பிறகு ஹாமர். எஸ்பிஎஸ் ஒரு வருடம் கழித்து, அதுவும் முதலில் ஒரு மான்டிபோரா ஃப்ராக் (வெட்டி எடுத்த சிறு துண்டு), வீட்டுத் தொட்டியில் வளர்ந்ததாகப் பார்த்து. காட்டுப் பவளத்தைவிட அது தொட்டி வாழ்க்கைக்குப் பழகியிருக்கும்.

எதை வாங்கினாலும் பூச்சிகளை நீக்கும் டிப் கரைசலில் முக்கியபின் ஃப்ராக்கை அடித்தட்டிலிருந்து கழற்றி ஒட்டுங்கள். ஐப்டாசியா என்ற தொல்லை தரும் கடல் அனிமோன் ஒளிந்து வருவது பெரும்பாலும் அந்தத் தட்டின் அடியில்தான்.