கோதுமை வேருக்குக் காவல்: அவெனாசினா, டிம்போவாவா?

கோதுமை வேரைக் கருக்கி அழிக்கும் டேக்-ஆல் பூஞ்சையைத் தடுக்க இரண்டு வழிகள் பேசப்படுகின்றன: ஓட்ஸ் வேரிலுள்ள அவெனாசின் என்ற பூஞ்சை எதிர்ப்புப் பொருளைக் கோதுமைக்குக் கொண்டுவருவது, அல்லது கோதுமையில் ஏற்கெனவே உள்ள டிம்போவா என்ற தற்காப்பு நஞ்சைக் கூட்டுவது.

டிம்போவாவுக்குப் புதிய உற்பத்திப் பாதை (பொருளைப் படிப்படியாக உருவாக்கும் மரபணுத் தொடர்) வேண்டாம். குளுக்கோஸ் இணைந்த நிலையில் செல்லின் நுண்குமிழிக்குள் தீங்கின்றி இருக்கும்; செல் உடைந்ததும் நொதி குளுக்கோஸை வெட்ட, நஞ்சு வெளிப்படும். குறை: நாற்றுப் பருவத்துக்குப் பின் அளவு சரிகிறது. டேக்-ஆல் பூஞ்சையே அதன் சிதைவுப் பொருளை முறிக்கவும் வல்லது.

அவெனாசின் பூஞ்சைச் சவ்வின் ஸ்டெரால்களை (ஒருவகைக் கொழுப்புப் பொருள்கள்) பிடித்து அதை ஓட்டையாக்கும். அது இருப்பதால் புற ஊதா ஒளியில் ஓட்ஸ் வேர்நுனி நீலமாக ஒளிரும். சோதிக்க இதைவிட எளிய அடையாளம் கிடையாது. ஆனால் 12 மரபணுக்கள் தேவை, அரைகுறையாக நின்றால் பயிருக்கே கேடு. சர்க்கரை சேர்க்கும் சாட்3 மரபணு பழுதான ஓட்ஸில் இடைநிலைப் பொருள் தேங்கி, வேர் குட்டையாகி, வேர்த்தூவிகள் குன்றுகின்றன. எனவே எல்லா மரபணுக்களும் வேர்நுனிப் புறத்தோலில் சேர்ந்தே இயங்கும்படி ஊக்கிகளை (மரபணுவை இயக்கிவிடும் டி.என்.ஏ. பகுதிகளை) தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் புகையிலை இனமான நிக்கோட்டியானா பெந்தாமியானா இலையில் பாதையை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஓட்ஸைத் தாக்கும் பூஞ்சை வகை அவெனாசினேஸ் நொதியால் சர்க்கரையை வெட்டி அவெனாசினை முடக்கிவிடும். கோதுமையைத் தாக்கும் வகை அப்படியல்ல. கடினமானாலும், டேக்-ஆலுக்கு அவெனாசின்தான் என் தேர்வு.