வெள்ளவத்தை மூட்டு கிளினிக்: எட்டு மாதம் போய் வந்தபின் எழுதுகிறேன்

நான் வெள்ளவத்தையில் சாரி பிளவுஸ் தைக்கிறவள். போன வருடம் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. காலையில் எழும்பினால் பத்து மணி வரைக்கும் கத்தரிக்கோலை மூட முடியாது. முதலில் காட்டிய இடத்தில் ஐந்து மாதம் நோவுக்கு மாத்திரை மட்டும்தான் தந்தார்கள். வயது என்றார்கள். எனக்கு 46.

பிளவுஸ் தைக்க வரும் அக்கா ஒருவர் சொல்லித்தான் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் உள்ள இந்த கிளினிக்குக்குப் போனேன். இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. முழங்கால் வீங்கின சனம் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. படிவத்திலும் தமிழ் இல்லை. நர்ஸ் மிஸ்தான் பக்கத்தில் இருந்து கேட்டு நிரப்பினார்.

டொக்டர் ஒவ்வொரு விரல் மூட்டையும் அமத்திப் பார்த்தார். பிறகு மணிக்கட்டில் ஸ்கான் வைத்து, திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்குள் சிவப்புப் புள்ளிகள். மூட்டை உள்ளே சுற்றி ஒரு சவ்வு இருக்கிறதாம். நல்ல மூட்டில் அதன் மேற்படை ஒன்றிரண்டு கலத் தடிப்புத்தான். "பிளவுஸுக்கு உள்ளே வைக்கிற லைனிங் மாதிரியா டொக்டர்?" என்றேன். "அதேதான் அம்மா, உங்கட லைனிங் தடிச்சுப்போச்சு" என்றார். முடக்குவாதமாம். அதற்குள் ஓடும் கூடுதல் இரத்தம்தான் அந்தச் சிவப்பு. விட்டுவைத்தால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடும். நான் விழுங்கின மாத்திரைகள் நோவைக் குறைத்தனவே தவிர அந்த அரிப்பை நிறுத்தக் கூடியவை அல்ல என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

இதே வருத்தத்துக்கு என் மச்சாளுக்கு ஒரு ஊசி நன்றாக வேலை செய்தது, அவவின் சிநேகிதிக்குச் சரிவரவில்லை. ஏன் என்று கேட்டேன். வெளியே அவ்வளவு பேர் காத்திருந்தும் டொக்டர் இருந்து சொன்னார். 1980களில் லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி, ஃபியனூலா பிரெனன் ஆகியோர் நோயாளிகளின் மூட்டுச் சவ்விலிருந்து எடுத்த கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுத்தால், வீக்கத்தைத் தூண்டும் வேறு புரதமும் அடங்கியது. 1992இல் அப்படித் தடுக்கும் மருந்தை முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். மச்சாள் போடுவது அந்த வழியில் வந்த ஊசி.

ஆனால் எல்லோருக்கும் அது கேட்பதில்லை. அதனால் இப்போது ஸ்கானில் பார்த்தபடி ஊசியால் சவ்வில் சின்னத் துண்டு எடுத்து, உள்ளே எந்தக் கலங்கள் குவிந்திருக்கின்றன என்று ஆராய்கிறார்கள். 2023இல் வெளியான ஓர் ஆய்வில் 79 பேரின் சவ்விலிருந்து 314,000க்கும் மேற்பட்ட கலங்களைப் பார்த்து, முடக்குவாதச் சவ்வை 6 வகையாகப் பிரித்தார்களாம். ஒரே பெயருள்ள வருத்தம், உள்ளே ஆளுக்கு ஆள் வேறு. எனக்கும் துண்டு எடுக்க வேண்டுமா என்று பயந்து கேட்டேன். தேவையில்லை, இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் போதும் என்றார். ஒரு டொக்டர் இவ்வளவு பொறுமையாக எனக்கு எதையும் சொன்னதில்லை.

மருந்து மெத்தோட்ரெக்ஸேட், வாரத்தில் ஒரே நாள். தவறி ஒவ்வொரு நாளும் போட்டால் உயிருக்கே ஆபத்து. மிஸ் உறையில் பெரிய எழுத்தில் 'புதன் மட்டும்' என்று தமிழில் எழுதி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தார். ஃபோலிக் அசிட் வேறு நாளில். இடைக்கிடை ஈரலுக்கும் இரத்தத்துக்கும் பரிசோதனை; அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மாதம் வித்தியாசமே தெரியவில்லை, விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூன்றாம் மாதம் ஹூக் தைத்தேன்.

போகிறவர்கள் பழைய எக்ஸ்ரே, ரிப்போர்ட் எல்லாம் கொண்டுபோங்கள். படி ஏற முடியாதவர்கள் கீழே பார்மசியில் சொல்லுங்கள், டொக்டர் இறங்கி வந்து பார்ப்பார். அது அங்கே எங்கும் எழுதி ஒட்டியில்லை. எனக்கே நாலாவது தடவைதான் தெரியவந்தது.