கிரீன்ஸ்பரோ அருங்காட்சியகம்: நான்கு இருக்கைகளும் அவற்றுக்குப் பின்னால் இருந்தவையும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கிரீன்ஸ்பரோ நகரின் தெற்கு எல்ம் தெருவில், முன்பு உல்வொர்த் கடை இயங்கிய கட்டடத்தில் பன்னாட்டுக் குடிமை உரிமைகள் அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. 1993இல் மூடப்பட்ட கடை இடிபடாமல் மீட்கப்பட்டு, வெள்ளையர் மட்டுமே அமரலாம் என்றிருந்த அதன் சிற்றுண்டி மேடையில் 1960இல் நான்கு கறுப்பின மாணவர்கள் அமர்ந்து தொடங்கிய போராட்டத்தின் 50ஆம் ஆண்டு நிறைவான 2010 பிப்ரவரி 1 அன்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நாலு பேர் உட்கார்ந்து என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் இது.

வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும்போது மனத்தில் நிற்பது, 1960இல் இருந்த அதே இடத்தில் இன்றும் இருக்கும் சிற்றுண்டி மேடைதான். அதன் ஒரு பகுதி வாஷிங்டனில் உள்ள தேசிய அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் சம்பவம் நடந்த கடைக்குள்ளேயே அதைப் பார்ப்பது வேறு அனுபவம். எசல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், பிராங்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்ற நான்கு கறுப்பின மாணவர்கள் இதே கடையில் பற்பசை முதலிய சில்லறைச் சாமான்களை வாங்கிவிட்டு, இந்த மேடையில் அமர்ந்து காப்பி கேட்டார்கள். பற்பசைக்குக் காசு வாங்கிய கடை காப்பி தர மறுத்தது. கடை மூடும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நான்காம் நாள் முந்நூறு பேரைத் தாண்டியது.

ஒரு கட்டடத்தை மையமாகக் கொண்ட நினைவகத்துக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு: எல்லாம் அந்த நான்கு இருக்கைகளில்தான் தொடங்கியது என்ற எண்ணத்தோடு பார்வையாளர் வெளியேறக்கூடும். உண்மையில், 1957இலேயே அண்டை நகரான டர்ஹமில் ஏழு பேர் ஓர் ஐஸ்கிரீம் கடையில் அமர்ந்து கைதானார்கள். வழக்கிலும் தோற்ற அந்தப் போராட்டம் அப்போது பெரிதாகப் பரவவில்லை. கிரீன்ஸ்பரோ பரவியதற்குத் துணிச்சல் மட்டும் காரணமன்று என்பது என் மதிப்பீடு. உல்வொர்த் நாடு முழுவதும் கிளைகள் கொண்ட நிறுவனம் என்பதால், தெற்கில் மாணவர்கள் உள்ளே அமர்ந்தபோது வடக்கில் ஆதரவாளர்கள் அதே பெயர்ப்பலகையின் கீழ் மறியல் செய்ய முடிந்தது. கறுப்பினக் கல்லூரிகளின் விடுதிகளும் தேவாலயங்களும் செய்தியை ஊர் ஊராகக் கொண்டு சென்றன. டர்ஹமில் தோற்ற போராட்டத்தை நடத்திய பாதிரியார் டக்ளஸ் மூர் இம்முறை கிரீன்ஸ்பரோ போராட்டத்தைப் பரப்பும் வேலையில் இருந்தார். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் குடிமை உரிமைச் செயல்பாட்டாளர் ஜேம்ஸ் லாசன் முந்தைய ஆண்டிலிருந்தே மாணவர்களுக்கு அறவழிப் போராட்டப் பயிற்சி அளித்து வந்தார். ஏப்ரலில் இன்னொரு செயல்பாட்டாளரான எலா பேக்கர் கூட்டிய மாநாட்டில் மாணவர்களுக்கெனத் தனி அமைப்பே உருவாகிவிட்டது.

கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் ஊருக்குப் போய்விட, கிரீன்ஸ்பரோவின் டட்லி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஜூலை 25 அன்று கடை பணிந்து, கறுப்பினத்தவருக்கும் அந்த மேடையில் பரிமாறியது. முதல் நாள் கூட்டத்தைவிட இந்தப் பொறுப்பு மாற்றமே எனக்குப் பெரிய சாதனையாகத் தெரிகிறது. வழிகாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பேசுங்கள்.

நேரம் இருப்பவர்கள், காரில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள டர்ஹமுக்கும் போய், அந்த ஐஸ்கிரீம் கடைப் போராட்டத்துக்காக மாநில அரசு நிறுவியிருக்கும் நினைவுப் பலகையையும் பார்த்துவிட்டு வரலாம்.