பணிப்பட்டியல் மென்பொருள்: ஒரு காவல் நிலைய எழுத்தரின் மதிப்பீடு

காவல் நிலையத்தில் பணிப்பட்டியல் எழுதும் பொறுப்பில் உள்ள நான், தாளையும் அழிரப்பரையும் விட்டு இந்த ஷிப்ட் மென்பொருளுக்கு மாறி ஆறு மாதம் ஆகிறது. நான்கு குழுக்களுக்கு 12 மணி நேர ஷிப்ட் போட்டால், இரண்டு நாள் பணி, இரண்டு நாள் ஓய்வு, மூன்று நாள் பணி, இரண்டு நாள் ஓய்வு, இரண்டு நாள் பணி, மூன்று நாள் ஓய்வு எனச் சுழன்று, 14 நாளில் ஒவ்வொருவருக்கும் ஏழு பணிநாள்கள், அதாவது 84 மணி நேரம் வரும்படி அதுவே கட்டங்களை நிரப்பித் தருகிறது.

எட்டு மணி நேர முறையில்தான் இதன் அருமை தெரிகிறது. காலை, மாலை, இரவு என்று உடலுக்கு ஒத்துப்போகும் வரிசையிலேயே ஆட்களைச் சுழற்றுகிறது. இரவு 10 மணிக்குப் பணி முடித்தவரை மறுநாள் காலை 6 மணிக்குப் போட்டால், அந்தக் கட்டம் உடனே சிவந்துவிடும். அந்த எட்டு மணி நேரத்தில் பயணமும் குளியலும் சாப்பாடும் போகத் தூக்கத்துக்கு ஐந்து மணி மிஞ்சினால் அதிகம் என்பது, அப்படி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர நெறிமுறை சொல்லும் 11 மணி நேர இடைவெளியே இதில் தொடக்க வரம்பாக உள்ளது.

பெரிய குறை ஒன்று உண்டு. இரவுப் பணி முடித்தவர் ஓய்வு நாளில் சாட்சி சொல்ல நீதிமன்றம் போய் மாலை வரை காத்திருந்தாலும், மென்பொருள் அதை ஓய்வு நாளாகவே எண்ணுகிறது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். குறிப்புப் பகுதியில் பதிந்துகொள்ளுமாறு பதில் வந்தது. அந்தப் பகுதி மணிக்கணக்கில் சேராது. ஆகவே ஈடு விடுப்புக்கு மட்டும் பழைய நோட்டுப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.